திரித்துவ வழக்கும் தமிழ்நாடும்

பிறமதங் கூறப் புகுவோர், அம்மதத்தார்க்குள்ளேயே உள்ள பிரிவுகளை முன்னர் உணர்ந்து, இன்னார் கொள்கை இன்னது என வரையறுத்துக்கொண்ட பின்னரே மறுப்புரைத்தல் நம் பண்டையாசிரியர் கைக்கொண்ட நெறியாகும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்துள் புத்தர் எல்லாரையும் ஒரு தொகுதியாக்கி ஒரு விடையால் ஒதுக்கினாரல்லர். சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நால்வராக நிறுத்தி மறுத்தார். சமணருள்ளும் நிகண்டவாதியை வேறாகவும் ஆசீவகனை வேறாகவும் வைத்தார். இவ்வாறு பகுத்துரைத்தமையாலன்றோ, அச்சமயங்கள் தமிழ்நாட்டில் அருகிய பின்னரும், அச்சமயத்தார் என் கூறினர் என அறிய விரும்புவோர்க்கு அந்நூல் இன்றும் பயன்படுகின்றது.

கிறித்தவமதம் எதிர்நின்ற காலத்து இந்நெறி ஓரளவு நெகிழ்ந்தது என்றே சொல்லல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சென்னையிலும் யாழ்ப்பாணத்தும் நிகழ்ந்த சமயவாதங்களில் கிறித்தவர் என்பார் பெரும்பாலும் ஒரே முகமுடைய ஓர் எதிரியாகவே கொள்ளப்பட்டனர். மிஞ்சினாற் கத்தோலிக்கர், புரோட்டஸ்டாண்டார் என்னும் இருபிரிவு சுட்டப்பட்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவரைச் சொல்லிக் கடவுள் ஒருவரே என்றல் யாங்ஙனம் பொருந்தும் என்னும் வினா நம்மவர் நாவில் எளிதில் எழுவது. நம்மவர் இதனை அச்சிட்டு வழங்கிய காலத்திற்கு நெடுநாள் முன்னரே, இதே வினாவைத் தம் மதத்தார் முன்னிலையில் எழுப்பி, அதன்பொருட்டுத் தாம் சார்ந்த திருச்சபையினின்றும் விலகித் தனித்து நின்ற தமிழர் ஒருவர் இருந்தார். சென்னைப் புரசைவாக்கத்து வில்லியம் இராபர்ட்ஸ் என்பவரே அவர். அவரையும், திரித்துவம் பற்றிய வழக்கு தமிழ்நாட்டிற் புகுந்த வழிகளையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்டுக்கல்லினின்றும் பழனிக்குச் செல்லும் பெருவழியில் ரெட்டியார்சத்திரத்தில் இருந்து எழுதும் எமக்கு இஃது அயலூர்க் கதையாகத் தோன்றவில்லை. எம் பக்கத்தில் புரோட்டஸ்டாண்டுக் கிறித்தவத்தைப் பரப்பியது அமெரிக்கன் மதுரை மிஷன். அதனை அனுப்பிய சங்கம் பிறந்த வரலாற்றிற்கும் புரசைவாக்கத்து இராபர்ட்ஸின் வரலாற்றிற்கும் இடையே, வெளிப்பார்வைக்குப் புலனாகாத ஓர் இழை ஓடுகின்றது. அவ்விழையை அதற்குரிய இடத்திற் காட்டுவாம். முதற்கண் வழக்கின் வேரைச் சிறிது நோக்குக.

இயேசு கடவுளின் குமாரர் எனின், அக்குமாரர் பிதாவோடு ஒத்த அநாதிப்பொருளா, அன்றிப் பிதாவினால் ஒருகாலத்து உண்டாக்கப்பட்டவரா என்பதே முதல் ஐயம். அலெக்சாந்திரியா நகரத்துக் குருவாகிய ஏரியஸ், குமாரர் படைப்புக்களுள் எல்லாம் தலையாயவரேயன்றி அநாதியல்லர் என்றார். கி. பி. 325-இல் பேரரசன் கான்ஸ்டன்டைன் நைசியா நகரிற் கூட்டிய சங்கம் அதனை மறுத்து, பிதாவும் குமாரரும் ஒரே சாரமுடையர் எனப் பொருள்படும் ‘ஹோமோஊசியோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை நிலைநாட்டியது. வழக்கு அதனோடு ஒழியவில்லை. அரசர் மாறுந்தோறும் கட்சியும் மாறியது. சங்கத்தின் முடிபைக் காத்துநின்ற அத்தனேசியஸ் ஐந்துமுறை நாடுகடத்தப்பட்டார். 381-இல் கான்ஸ்டான்டினோப்பிளிற் கூடிய சங்கமே அம்முடிபை அரசவலியோடு உறுதிசெய்தது.

இக்காலத்து நிகழ்ந்த குழப்பத்திற் பெரும்பகுதி சொற்குழப்பம் என்பது நூலாராய்ச்சியிற் பழகிய நம்மனோர் உற்று நோக்கத்தக்கது. கிரேக்கர், சாரத்தை ‘ஊசியா’ என்றும், அச்சாரத்தை உடையவராய்த் தனித்தனி நிற்பவரை ‘ஹிப்போஸ்டாசிஸ்’ என்றும் வழங்கலாயினர். ஒரே ஊசியா, மூன்று ஹிப்போஸ்டாசிஸ் என்பது அவர்தம் வாய்பாடு. இலத்தீன் மொழியாரோ சாரத்தைச் ‘சப்ஸ்டான்சியா’ என்றும், தனிநிலையைப் ‘பெர்சோனா’ என்றும் கூறினர். ஆயின், ஹிப்போஸ்டாசிஸ் என்னுஞ் சொல்லை உறுப்புறுப்பாகப் பிரித்து இலத்தீனிற் பெயர்த்தால் வருவது சப்ஸ்டான்சியா என்பதே. எனவே கிரேக்கர் மூன்று ஹிப்போஸ்டாசிஸ் என்றபோது இலத்தீன் மொழியார் செவியில் மூன்று சாரம் என்று பட்டது. அஃதாவது மூன்று கடவுளர். இலத்தீன் மொழியார் மூன்று பெர்சோனா என்றபோது, கூத்தனது முகமூடியையும் உணர்த்தும் அச்சொல், ஒருவரே மூன்று வேடம் புனைவர் என்பதுபோற் கிரேக்கர்க்குத் தோன்றியது. 362-இல் அலெக்சாந்திரியாவிற் கூடியோர், இருசாராரும் வேறுவேறு சொல்லால் ஒருபொருளையே குறிக்கக்கூடும் என ஒருவாறு அமைதி கண்டனர்.

அச்சொற்கள் தமிழுக்கு வந்தபோது மற்றொரு முடிச்சு விழுந்தது. கத்தோலிக்கர் பெர்சோனாவை ‘ஆள்’ என்றனர். தமிழில் ஆள் என்பது உடலும் உயிரும் தனியேயுடைய ஒருவனை. மூன்று ஆள் எனக் கேட்ட தமிழன் மனத்தே மூன்று உருவம் எழாதிருத்தல் அரிது. பின்வந்தோர் சிலர் ‘ஆளத்துவம்’ எனத் திருத்த முயன்றனர்; அது வழக்கிற் பரவவில்லை. கடவுளுக்கே சொல் ஒன்றாயிருந்ததில்லை. கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். சீகன்பால்குவின் வழியினரும் பப்ரீசியஸும் பராபரன் என்றனர். 1871-இல் வெளிவந்த பவர் திருத்திய விவிலியம் தேவன் என்றது. இவை யாவும் சைவநூல்களிலும் பிற வைதிக நூல்களிலும் முன்னரே பொருள் நிரம்பிக் கிடந்த சொற்கள். கலத்தை ஒழிக்காமலே அதிற் புதிய நீரை வார்த்ததுபோலாயிற்று அது.

ஞாயிறும் அதன் ஒளியும் என்னும் உவமையைத் திரித்துவம் நாட்டுவோர் ஆதிகாலந்தொட்டே கூறிவந்தனர். சிவமுஞ் சத்தியும் தாதான்மியமாதலை விளக்க நம் நூலோர் எடுப்பதும் அதுவே. உவமை ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்று என மயங்கற்க. கதிர் கதிரவனின் வேறன்று என்பது நம் கொள்கை. ஆகலின் சத்தி இரண்டாவது ஓர் ஆள் எனப்படுவதில்லை. கிறித்தவரோ, கதிரும் தன்பாற் பேசுந் தனிநிலை உடையதெனக் கொண்டனர். உவமை சென்றெட்டும் எல்லைக்கு அப்பாலேயே அவர்தம் வழக்கெல்லாம் நிகழ்ந்தது.

இனி இங்கிலாந்திற்கு வருவாம். ஐரோப்பாவில் திரித்துவத்தை மறுத்தல் உயிர்க்கு ஊறு விளைக்குங் குற்றமாயிருந்தது. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் செர்வீட்டஸ் 1553-இல் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். எரித்தவர் உரோமைச் சபையாரல்லர், அச்சபையை எதிர்த்து எழுந்த சீர்திருத்தக்காரர். ஐக்கன்ஹெட் என்னும் மாணவர் 1697-இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தில் 1689-ஆம் ஆண்டின் சமயப்பொறைச் சட்டம், திரித்துவம் மறுப்போரைத் தன் பாதுகாப்பினின்றும் வெளிப்படையாக விலக்கியது. இந்நிலையில் தியோபிலஸ் லிண்ட்சே என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, மும்மையை ஏத்தும் வழிபாட்டைத் தம் மனச்சான்றிற்கு மாறாக நடத்தவியலாது எனக் கூறித் தம் வருவாயைத் துறந்து வெளியேறி, 1774-இல் இலண்டன் எசெக்ஸ் தெருவில் ஒருமைக்கொள்கையர்க்கென ஒரு வழிபாட்டிடம் திறந்தார். அவருடைய நண்பர், பிராணவாயுவைக் கண்ட இரசாயன நூல்வல்லார் பிரீஸ்ட்லி. பிரீஸ்ட்லியின் வீட்டையும் நூல்களையும் ஆய்வுக்கருவிகளையும் 1791-இல் பர்மிங்காம் நகரத்துக் கூட்டம் எரித்தது. அவர் 1794-இல் அமெரிக்கா புகுந்தார். இவர்தம் கொள்கையினர் யூனிட்டேரியர் எனப்பட்டனர். தமிழில் ஏகத்துவர் எனலாம்.

இவ்விருவர் நூல்களும் ஒரு தமிழரின் கைக்கு எட்டின. வேளாளர் குடியிற் பிறந்து திருவேங்கடம் என்னும் பெயர் பூண்டிருந்த அவர், ஆங்கிலேயர்க்குப் பணிசெய்பவராய்க் கடல்கடந்து சென்று, கிறித்தவராகி வில்லியம் இராபர்ட்ஸ் என்னும் பெயர் பெற்றார். அவர் முதலிற் சார்ந்தது ஆங்கிலத் திருச்சபை. பின்னர் லிண்ட்சே, பிரீஸ்ட்லி ஆகியோர் நூல்களைப் பயின்று, விவிலியத்தில் கடவுள் ஒருவரே என்பதன்றி மும்மை கூறப்படவில்லை என்னும் முடிபிற்கு வந்தார். சென்னைக்கு மீண்டு 1795-இல் தம் கருத்துடையாரைக் கூட்டி வழிபாடு தொடங்கினார். 1813-இற் புரசைவாக்கத்தில் ஒரு சிறு கோயில் எழுந்தது.

இவ்வாண்டுகளைச் சிறிது நின்று நோக்குக. பிரீஸ்ட்லி தம் நாட்டைவிட்டு நீங்கிய அடுத்த ஆண்டிலேயே, அவர் கொள்கைக்கு வங்காளக்குடாக்கடலின் கரையில் ஒரு சபை அமைந்தது. திரித்துவம் மறுப்போர்மேல் இருந்த தண்டத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றம் நீக்கியது 1813-இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் நாட்டில் மிஷனரிகள் வருவதற்கு வாயில் திறந்த சாசனச்சட்டமும் அதே 1813-இல் நிறைவேறியது. புரசைவாக்கத்துக் கோயிலும் அவ்வாண்டினதே. ஆக, மிஷனரிகளின் பெருவரவிற்கு முன்னரே, அவர் கொணரவிருந்த கொள்கையின் நடுவிடத்தை மறுக்குங் கிறித்தவத் தமிழ்ச்சபை ஒன்று சென்னையில் இருந்தது. இதனை எடுத்துக்காட்டிய நம்மவர் நூல் ஒன்றும் யாம் படித்தவற்றுள் இல்லை.

இராபர்ட்ஸ் குருப்பட்டம் பெற்றவரல்லர். எச்சங்கத்தின் ஊதியமும் அவர்க்கு வந்ததன்று. தொடங்கிய பின்னர் ஏறத்தாழ இருபதாண்டு அவர்க்கு இங்கிலாந்தில் துணைநின்றாரும் இலர். பின்னர்த்தான் லிண்ட்சேயின் இடத்தில் எசெக்ஸ் தெருவில் அமர்ந்திருந்த தாமஸ் பெல்ஷம் என்பார்க்கு அவர் வரைந்த கடிதங்கள் சென்று சேர்ந்தன. அவை 1818-இல் இலண்டனில் அச்சாயின. வெள்ளையரது ஆணையோ வேண்டுகோளோ இன்றி, தாம் படித்த நூலையே பற்றுக்கோடாகக் கொண்டு இத்தமிழர் நடத்திவந்ததை அறிந்து, அங்குள்ளோர் வியந்தனர். தமிழில் வழிபாட்டு முறையும் சிறு நூல்களும் அவர் ஆக்கினார்.

அவரது நிலையை எண்ணிப்பார்க்குமிடத்து இரக்கமும் மதிப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. பிறந்த குடியினின்றும் சமயத்தால் நீங்கினார். புகுந்த சபையினின்றும் கொள்கையால் நீங்கினார். புரசைவாக்கத்தை அடுத்த வேப்பேரியிலோ பப்ரீசியஸ் காலந்தொட்டு வேரூன்றிய மிஷன் பள்ளியும் கோயிலுமாக விளங்கிற்று. அதனைச் சார்ந்திருந்தால் அவர்க்கு ஆதரவு கிடைத்திருக்கும். ஊதியத்திற்காக மதம் மாறினார் எனக் கிறித்தவத் தமிழர் எல்லாரையும் ஒருசேர இகழ்வார்க்கு இவர் ஒரு விடை. எனினும் இவரை நம் பக்கத்தவராக்கிக் கொள்ள முயலுதலும் பொருந்தாது. இயேசுவைக் கடவுளால் அனுப்பப்பட்ட மெசியா எனக் கொண்டவர் அவர்; விவிலியமே அவர்க்குப் பிரமாணம்; திருவுருவ வழிபாட்டை ஏனைப் புரோட்டஸ்டாண்டார் போன்றே விலக்கினவர். அவரது ஒருமை நம் பதியிலக்கணத்தினின்றும் வந்ததன்று; பாடஆராய்ச்சியினின்றும் வந்தது.

பாடஆராய்ச்சி என்றமையின் அதற்கொரு சான்று காட்டுதும். யோவான் எழுதிய முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்து ஏழாம் வசனம், விண்ணுலகிற் சான்றுகூறுவார் மூவர் உளர் என்றும் அம்மூவரும் ஒன்றே என்றும் கூறுகின்றது. விவிலியம் முழுதினும் மும்மையை இத்துணை வெளிப்படையாக உரைக்கும் இடம் பிறிதில்லை. ஆனால் இவ்வசனம் பழைய கிரேக்க ஏடுகளில் இல்லை. இலத்தீன் வழக்கினின்றும் வந்து புகுந்தது. 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிற் பதிப்பித்து வெளியிட்ட எராஸ்மஸ் அதனைச் சேர்த்தாரல்லர், கண்டனம் எழுந்தது, 1522-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிற் சேர்த்துவிட்டார். ஐசக் நியூட்டன் இஃது இடைச்செருகல் என 1690-இல் ஒரு கட்டுரை வரைந்து, வெளியிட அஞ்சி வைத்திருந்தார். அவர் இறந்து நெடுநாட் கழித்து 1754-இல் அஃது அச்சேறியது. 1790-இல் ரிச்சர்டு போர்சன் என்னும் கிரேக்கப் புலவர் வழக்கைத் தீர்த்துவைத்தார். அவர் திரித்துவத்தைச் சாடுவதற்காக அன்று, ஏடு கூறுவது இது எனக் காட்டுவதற்காகவே எழுதினார் என்பது கருதத்தக்கது. கம்பர் பாடலில் வெள்ளிப்பாட்டைப் பிரித்தெடுப்பார் கம்பர்க்குப் பகைவராகாரன்றோ.

1808-இல் பெல்ஷம் முதலியோர் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் அவ்வசனம் மூலத்தினின்றும் நீக்கப்பட்டது. அக்காலத்து அது பெருங்கூச்சலை விளைத்தது. 1881-இல் ஆங்கிலத் திருச்சபையாரே முன்னின்று வெளியிட்ட திருத்தப் பதிப்பிலும் அது நீக்கப்பட்டபோது, கூச்சல் பெரிதும் அடங்கிவிட்டது. தமிழிலோ, புரோட்டஸ்டாண்டார் வீடுகளில் இன்றும் பெருவழக்காயுள்ள பழைய விவிலியத்தில் அவ்வசனம் அப்படியே இருக்கின்றது. பிற்காலத்துப் பொதுமொழிபெயர்ப்பிலேதான் அது மூலத்தில் இடம்பெறவில்லை. திரித்துவக் கொள்கை அவ்வொரு வசனத்தையே தூணாகக் கொண்டு நிற்பதன்று என்பதையும் நடுநிலை பற்றிக் கூறிவிடல் வேண்டும். நைசியாவில் வழக்காடியோர் எவரும் அதனை எடுத்துக்காட்டினாரல்லர்.

இராபர்ட்ஸ் சென்னையில் இருந்தபோதே வடக்கே கல்கத்தாவிலும் இவ்வழக்கு மூண்டது. இராஜா இராம்மோகன் ராய் 1820-இல் இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அற்புதச் செயல்களும் கொள்கைப்பகுதிகளும் அதில் இல்லை. சீராம்பூர்ப் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த மார்ஷ்மன் கடிந்தெழுதினார். இராம்மோகனர் மூன்று மறுமொழி எழுதினார். இறுதி மறுமொழியை அச்சிட மிஷன் அச்சகம் மறுத்தமையால், 1823-இல் தாமே ஓர் அச்சகம் நிறுவி அச்சிட்டார். கிரேக்கமும் எபிரேயமும் கற்று, எதிரியின் நூலை எதிரியின் மொழியிலேயே படித்து விடையிறுத்த அவர் முறை, பரபக்கங் கூறுவார் அனைவர்க்கும் பாடமாகத்தக்கது.

அதனினும் சுவையுடையது அங்கே நிகழ்ந்த ஒரு வேற்றுமையுருபுச் சண்டை. விவிலியத்தை வங்காளமொழியிற் பெயர்க்க இராம்மோகனரும், வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆதாம் என்னும் இரு பாப்டிஸ்டு மிஷனரிகளும் கூடி அமர்ந்தனர். யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரத்து மூன்றாம் வசனத்தில், எல்லாம் வார்த்தையாகிய அவரைக்கொண்டு உண்டாயின என்னுமிடத்தே, கிரேக்கத்தில் ‘தியா’ என்னும் இடைச்சொல் உளது. அது வாயிலாக, மூலமாக என்னும் பொருளது. வினைமுதலைக் குறித்தற்கு வேறு இடைச்சொல் உண்டு. எனவே ‘அவரால்’ என்னாது ‘அவர் மூலமாக’ என்றே பெயர்த்தல் வேண்டும் என்று ஆராயப்பட்டது. அவ்வாறு பெயர்த்தால் அஃது ஏரியஸின் கொள்கைக்கு இடந்தரும் என யேட்ஸ் பின்வாங்கினார். இராம்மோகனர் எழுதுகோலைக் கையிற் பிடித்தபடி ஒன்றும் பேசாது அனைத்தையுங் கேட்டிருந்தாராம். முடிவில் ஆதாம் திரித்துவத்தைக் கைவிட்டு 1821-இல் ஏகத்துவரானார். ஏதேன் தோட்டத்து ஆதாமுக்குப்பின் வீழ்ந்த இரண்டாம் ஆதாம் இவர் என்று கல்கத்தா வெள்ளையர் எள்ளினர்.

இச்சண்டை தமிழில் நிகழ்ந்திருப்பின் எங்ஙனம் முடிந்திருக்கும்? நம் இலக்கணத்தார் மூன்றாம் வேற்றுமையின் ஆலுருபிற்குக் கருவிப்பொருளும் கருத்தாப்பொருளும் உரைத்து, கருத்தாவையும் ஏவுவான், இயற்றுவான் என இரண்டாக்கினர். மன்னனால் ஆயது மண்டபம், தச்சனால் ஆயது மண்டபம், உளியால் ஆயது மண்டபம் என மூன்றும் ஓருருபினாலேயே முடியும். வங்காளத்தில் இரு நண்பரைப் பிரித்த ஐயம் தமிழில் ‘ஆல்’ என்னும் ஓருருபினுள் ஓசையின்றி அடங்கிவிடும். நம் பழைய விவிலியம் அவ்வசனத்தின் முற்பகுதியில் ‘மூலமாய்’ என்றும் பிற்பகுதியில் ‘அவராலே’ என்றும் பெயர்த்து இரண்டையும் வைத்திருக்கின்றது. தியா என்னும் இடைச்சொல் முற்பகுதியில் உள்ளது. பிற்பகுதியில் உள்ள கிரேக்கம் ‘அவரையின்றி’ என்னும் பொருளது.

ஆதாமின் முடிபைப் பற்றி எம் கருத்தையுங் கூறுவாம். மூலமாக என்பதே கிரேக்கத்திற்கு நேரிய பொருள் என்பதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆயின், மூலமாக நின்றவர் முதல்வரின் தாழ்ந்தவர் என்பது அவ்விடைச்சொல்லினின்றும் பெறப்படாது. நைசியாவில் ஏரியஸை விலக்கியோர் தம் அறிக்கையிலும் அதே தியாவையே வழங்கினர். சைவசித்தாந்தம் பயின்றார்க்கு இது தெளிதல் எளிது. குயவனும் திகிரியும் மண்ணும் போல நிமித்தம், துணை, முதல் எனக் காரணம் மூன்று. சிவன் நிமித்தம், சத்தி துணை, மாயை முதல். துணைக்காரணமாதல் பற்றிச் சத்தி சிவனின் வேறாய்த் தாழ்ந்ததோர் பொருள் எனச் சித்தாந்தி கூறுவதில்லை. ஆதலின் ஆதாமின் இலக்கணம் சரி, அனுமானம் குறையுடைத்து. யேட்ஸோ, கொள்கைக்கு அஞ்சி இலக்கணத்தை விட்டார்.

இனி, முன்னர்ச் சுட்டிய இழைக்கு வருவாம். வடஅமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் நாட்டுச் சபைகளுள் ஏகத்துவக் கொள்கை மெல்லப் பரவி வந்தது. 1805-இல் ஹார்வர்டுக் கல்லூரியின் சமயநூற் பேராசிரியப் பதவி ஹென்றி வேர் என்னும் அக்கொள்கைச் சார்பினர்க்குக் கிடைத்தது. பழங்கொள்கையினர் மனம் வெதும்பி 1808-இல் ஆண்டோவரில் தமக்கெனத் தனிக் கல்லூரி கண்டனர். அக்கல்லூரி மாணவர் சிலரது ஆர்வத்தினின்றும் 1810-இல் எழுந்ததே அமெரிக்கன் போர்டு எனப்படும் பிறநாட்டு மிஷன் சங்கம். 1812-இல் இலண்டனிற் பெல்ஷம், தம் ஆசான் லிண்ட்சேயின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதில் அமெரிக்காவில் ஏகத்துவம் பரவுதல் பற்றிய ஓர் அதிகாரம் இருந்தது. ஜெடிடையா மோர்ஸ் என்னும் பழங்கொள்கையர் அவ்வதிகாரத்தைத் தனியே எடுத்து 1815-இற் பாஸ்டனில் அச்சிட்டு, உள்ளிருந்து கெடுப்போரைக் காண்மின் எனப் பறையறைந்தார். ஜெரிமையா எவார்ட்ஸ் தம் பத்திரிகையில் அதற்கு மதிப்புரை எழுதினார். ஏகத்துவர் சார்பில் சானிங் விடையிறுக்க, அவரை எதிர்த்து மூன்று கடிதம் வெளியிட்டவர் சாமுவேல் ஊஸ்டர். இந்த ஊஸ்டரே அமெரிக்கன் போர்டின் முதற் செயலாளர். எவார்ட்ஸ் அதன் பொருளாளராயிருந்து, ஊஸ்டர்க்குப் பின் செயலாளருமானார். சபைகள் பிளந்தன, கோயிற் சொத்துக்கும் வழக்காடினர்.

அச்செயலாளர்களின் கையொப்பத்தோடு 1816-இல் யாழ்ப்பாணம் வந்திறங்கினர் அமெரிக்க மிஷனரிகள். யாழ்ப்பாணத்தினின்றும் 1834-இல் டாட், ஹாய்சிங்டன் என்பார் மதுரைக்கு வந்து மதுரை மிஷனைத் தொடங்கினர். சில ஆண்டிற்குள் அது திண்டுக்கல்லையும் எட்டியது. பிற்காலத்தே இங்கே மருத்துவப்பணியால் அறியப்பட்ட செஸ்டர் இம்மிஷனையே சேர்ந்தவர். அதன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன.

ஆகவே திண்டுக்கல் நாட்டில் ஒருவர் திரியேகன் என்னுஞ் சொல்லைக் கேட்டபோது, அது நைசியாவின் பழஞ்சொல்லாக மாத்திரம் வந்ததன்று. பாஸ்டனில் அண்மையில் நிகழ்ந்த ஒரு குடும்பப்பிரிவின் சூட்டோடு வந்தது. அப்பிரிவிற்கு அனலூட்டியது லிண்ட்சேயின் வரலாறு. புரசைவாக்கத்துச் சபையின் வித்தோ லிண்ட்சேயின் நூல். பாஸ்டனில் எவருடைய அதிகாரம் எதிரியின் சான்றாக அச்சிடப்பட்டதோ, அந்தப் பெல்ஷத்தைத்தான் இராபர்ட்ஸ் தம் துன்பங்களை எழுதி உதவி வேண்டினார். ஒரே வேரின் இருபுறத்துக் கிளைகளும் தமிழ்நிலத்தில் இறங்கின. ஒன்று சங்கமும் பணமும் பள்ளியும் மருத்துவமனையுமாய்ப் படர்ந்தது, மற்றொன்று ஒரு சிறு கோயிலளவில் நின்றது.

நம்மவரும் இவ்வமெரிக்கரும் எதிர்ப்பட்ட இடம் யாழ்ப்பாணம். 1854 என்னும் ஆண்டைக் குறித்துக்கொள்க. அவ்வாண்டில் ஆறுமுகநாவலர் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். சைவக்கிரியைகளை இகழ்வோர்க்கு, அவற்றை ஒப்பன அவர்தம் விவிலியத்திலேயே உள எனக் காட்டுதல் அந்நூலின் போக்கு. அக்காலத் தேவைக்கு அது மிகப்பொருந்திய விடை. அதே 1854-இல், மதுரை மிஷனைத் தொடங்கிய இருவருள் ஒருவராகிய ஹாய்சிங்டன், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து அமெரிக்காவில் வெளியிட்டார். பிழை பல மலிந்த பெயர்ப்பே எனினும், எதிரியின் தலைநூலை எடுத்து முழுதும் படித்தல் என்னும் பரபக்க நெறியை அவ்வாண்டில் அவர் கைக்கொண்டார். லிண்ட்சேயையும் சானிங்கையும் அவ்வாறு எடுத்துத் தமிழிற் பெயர்ப்பார் அன்று நம்மிடத்து இல்லாது போயினர். பெயர்த்திருந்தால், மும்மை பற்றிய நம் வினா நகையாட்டாகத் தோன்றாது, அவர்க்குள்ளேயே தீராதிருந்த வழக்கின் ஒருபக்கமாகச் சென்று தைத்திருக்கும். அவரும் அதற்கு விடையிறுக்கும்போது தம் பெரியோர் சொற்களைத் தமிழில் செப்பஞ்செய்ய நேர்ந்திருக்கும்.

இத்தகைய வழக்கு இந்தியாவிற் சென்னையோடும் கல்கத்தாவோடும் ஒழியவில்லை. காசிமலை நாட்டில் வெல்ஷ் மிஷன் சபையினின்றும் நீங்கிய ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் 1887-இல் ஜோவாய் என்னுமிடத்தில் ஏகத்துவச் சபை கண்டார். கல்கத்தாச் சபை இராம்மோகனர் காலத்திற்குப்பின் தளர்ந்தது, காசிமலையிலது தழைத்தது.

அமெரிக்கன் போர்டினர் 1836-இற் சென்னையிலும் ஒரு நிலையம் அமைத்தனர். அதன் தலைவராய் வந்த வின்சுலோ, தமிழகராதியால் நம் அனைவர்க்கும் அறிமுகமானவர். 1862-இல் வெளிவந்த அவ்வகராதியிற் பதி, பசு, பாசம், தாதான்மியம் முதலிய சொற்களின் பொருளை இன்றும் பலர் தேடிப் பார்க்கின்றனர். அவர் சென்னை வந்தபோது இராபர்ட்ஸ் முதுமையில் இருந்தார். இரண்டாண்டு அவ்விருவரும் ஒரே நகரில் வாழ்ந்தனர். 1838-இல் இராபர்ட்ஸ் இறந்தார். அவர்க்குப்பின் அவர் மகனார் அச்சபையை நடத்திவந்தார்.